கால்வட்டம்

எனக்குக் கதவு என்றால் உயிர். சிலருக்குப் பூனை, சிலருக்குப் பழைய பாட்டு, எனக்குக் கதவு. இந்த அறைக்குள் என்னைக் கூட்டிவந்தபோது நான் முதலில் பார்த்தது உங்கள் முகத்தை இல்லை, உங்கள் கதவைத்தான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உள்பக்கமாகத் திறந்து அலமாரியில் இடிக்கிறது. கீலை அந்தப் பக்கம் மாற்றி மாட்டினால் அலமாரியும் பிழைக்கும், உள்ளே வருகிறவர் ஒருக்களித்து நுழைய வேண்டியதும் இல்லை. நான் வந்தது அதைச் சொல்ல இல்லை. எங்கள் அலுவலகத்தில் படம் வரையும் அக்காவின் மேல் ஒரு பழி விழுந்திருக்கிறது. மேலாளர் அறையின் படத்தில் அவர் கதவை வரைய மறந்துவிட்டார், அதனால்தான் இவ்வளவும் நடந்தது என்கிறார்கள். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் இழுத்து வராமல் நானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து வந்ததற்குக் காரணம் அதுதான்.

நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர் நான். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அந்தப் பிரிவில் எனக்குக் கீழே இருப்பது கவுண்டருக்கு அடியில் படுத்திருக்கும் நாய் மட்டும்தான். வீடு கட்ட நினைப்பவர்கள் பிளானைக் கொண்டுவந்து முதலில் என்னிடம்தான் நீட்டுவார்கள். அது சரியா தவறா என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அது எஞ்சினியர்கள் பாடு. படம் முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா, தெரு எந்தப் பக்கம், படிக்கட்டு எங்கே ஏறுகிறது, கதவு எங்கே. படத்தில் கதவை எப்படிக் காட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சுவர்க்கோட்டில் ஓர் இடைவெளி விடுவார்கள். அதில் கதவை ஒரு சின்னக் கோடாகப் போட்டு, அது திறந்து மூடும் தடத்தை ஒரு கால்வட்டமாக வளைத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒரு மனிதன் உள்ளே வரலாம், வெளியே போகலாம் என்பதற்கு அந்த வளைவுதான் சாட்சி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேக்கரிக்காரர் வந்தார். மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும். படத்தில் அறை இருந்தது, ஜன்னல் இருந்தது, கட்டில்கூடத் தலையணையோடு இருந்தது. கதவு இல்லை. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி வந்தார். இப்போது கதவு இருந்தது, கால்வட்டம் இல்லை. எந்தப் பக்கம் திறக்கும் என்று எப்படித் தெரிவது. திருப்பிக் கொடுத்தேன். அவர் போட்ட கூச்சலில் மேலாளர் தன் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"கதவு இல்லாம எவன்பா ரூம் கட்டுவான்? படத்துல இல்லன்னா என்ன, மேஸ்திரிக்குக் கண்ணு இல்லையா? அவனே வச்சிடுவான். நீ என்ன, கால்வட்டம் கால்வட்டம்னு மனுஷன உயிரோட சாகடிக்கிற?"

படத்தை வாங்கி என் மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டார். ஹால் முழுக்கச் சிரித்தது. பேக்கரிக்காரரும் சிரித்தார். படம் வரையும் அக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அக்காவை நான் அன்றே மன்னித்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் பெயர் கால்வட்டம். மேலாளர் யாருக்கும் பெயர் வைக்காமல் விடமாட்டார், அதில் கெட்ட எண்ணம் கிடையாது. அவருக்கே நாங்கள் வைத்த பெயர் 'அப்புறம் பாக்கலாம்'. எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "போடுறேன் குடு, மத்தத அப்புறம் பாக்கலாம்" என்று படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அந்தப் பெயரை அவர் காதுபடச் சொன்னாலும் தொப்பை குலுங்கச் சிரிப்பார். நல்ல மனிதர். என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதீங்கம்மா, நம்ம கால்வட்டம் பாத்துக்குவான்" என்று தைரியம் சொன்னார். அம்மா குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, "கால்வட்டம், சோறு ஆறுதுடா" என்றார். என் மனைவிக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மைத்துனன் பிள்ளைகளுக்கு நான் கால்வட்டம் மாமா. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இந்த வருடம் எங்கள் அலுவலகத்தையே இடித்துத் திருத்த முடிவானது. நகராட்சிக் கட்டடம்தான் என்றாலும் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும், அந்த அனுமதியை நாங்களே எங்களிடம் வாங்க வேண்டும். அக்கா படம் வரைந்தார். எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, ஆனால் அதை வைக்க மேசை இன்னும் வரவில்லை. அதனால் ட்ரேசிங் பேப்பரில் மை பேனாவால்தான் இன்னமும் வரைகிறோம். மேலாளர் அறையில் பழைய கதவு இருந்த பக்கம் அடைபட்டு, ஹால் பக்கம் புதுச் சுவர் வர வேண்டும். படம் என் கவுண்டர் வழியாகத்தான் போனது. மேலாளரின் மேசைக்கு நான்தான் கொண்டுபோனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கா கால்வட்டம்?"

"ஒரு தடவ பாத்துட்டுப் போடுங்க சார்."

"நீ பாத்தா நான் பாத்த மாதிரி. அப்புறம் பாக்கலாம்."

போட்டார். பார்க்கச் சொன்னேன் என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை ஆரம்பித்ததும் எல்லோரும் மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனோம். மேலாளர் மட்டும் அசையவில்லை. அவருடைய நாற்காலி சுழல் நாற்காலி. வரிப் பிரிவுக்காரர்கள் அதன்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தார்கள். எழுந்தால் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து ஃபைல் பார்த்தார். முதல் நாள் பழைய கதவை அடைத்தார்கள், ஹால் பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழும்பியது. தாண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் இடுப்பளவு. ஸ்டூல் போட்டு, இந்தப் பக்கம் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை இறக்கினோம். அதற்கடுத்த நாள் ஏணி வைத்து உள்ளே இறங்கினார். இறங்கும்போது மேஸ்திரியிடம் கேட்டார்.

"கதவு எங்க மேஸ்திரி வருது?"

"படத்துல இருக்கற எடத்துல வரும் சார்."

"அப்பச் சரி," என்று உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரிக்குக் கண் இல்லாமல் இல்லை. நெஞ்சு உயரம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, படத்துல கதவக் காணோமே," என்று காதோடு கேட்டார். படத்தில் இருப்பதைக் கட்டுங்கள் என்றேன். ஒரு தடவை அவர் கட்டிய சுவர் படத்திலிருந்து ஒரு சாண் விலகியதற்காக நான் எழுதிய குறிப்பால் அதை அவரே இடிக்க வேண்டிவந்தது, அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை. "உள்ள ஐயா இருக்காரே," என்றார். படத்தில் ஆள் யாரும் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான், பிளானில் ஆட்களை வரைவதில்லை. மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய் மிச்சத்தையும் கட்டினார். நல்ல வேலைக்காரர். சாயங்காலத்துக்குள் சுவர் கூரையைத் தொட்டுவிட்டது.

உள்ளேயிருந்து மேலாளர் முதலில் சிரித்தார். "என்னப்பா, என்னைய உள்ள வச்சுப் பூசிட்டீங்களா?" என்றார். ஹாலும் சிரித்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது, பழைய கதவை அடைத்த சுவரின் மேல்மூலையில் ஒரு பழைய வென்டிலேட்டர் மட்டும் இருந்தது, ஒரு சாப்பாட்டுக் கேரியர் நுழைகிற அளவு. அதன் வழியாகப் பேசினார். சுவரை உடையுங்கள் என்றார். உடைக்கலாம், ஆனால் முடிந்த சுவரை உடைக்க இடிப்பு அனுமதி வேண்டும் என்றேன். அந்த விதி அவருக்கே தெரியும், அவர் கையெழுத்தில் சுற்றறிக்கையாக வந்ததுதான். விண்ணப்பதாரர் நேரில் கவுண்டருக்கு வர வேண்டும். அவரால் வர முடியாது. மேலாளரே ஒப்புதல் தரலாம் என்றால், தன் சொந்த விஷயத்தில் தானே கையெழுத்துப் போடக்கூடாது. ஹாலில் இருந்த எல்லோரும் இதைப் பற்றிப் பேசினார்கள். நியாயமாகத்தான் இருக்கிறது என்று முடிவாயிற்று.

போலீசுக்கு ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்கிறீர்கள். பண்ணினாரே. உங்கள் ஸ்டேஷனிலிருந்துதான் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கட்டட விஷயத்தில் நாங்கள் மூக்கை நுழைக்க முடியாது, அனுமதிப் பிரிவில் கேளுங்கள் என்றார். அனுமதிப் பிரிவு நான்தான் என்றேன். அப்படியானால் சரி என்று போய்விட்டார்.

அதன் பிறகு சில நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஃபைல்கள் வென்டிலேட்டர் வழியே போகும், கையெழுத்தோடு வரும். பொதுஜனம் உள்ளே நுழைந்து உயிரை வாங்க வழியில்லாததால் வேலை என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடியது. வரிப் பிரிவுக்காரர்கள் வந்து சுவரைப் பார்த்துவிட்டு நாற்காலி ஆசையை விட்டுவிட்டார்கள். இயற்கை அவசரத்துக்கு என்ன செய்தார் என்கிறீர்கள். அது சுகாதாரப் பிரிவின் கீழ் வரும், எனக்குத் தெரியாது.

அவருடைய மனைவி தினமும் சாப்பாடு கொண்டுவந்தார். கேரியரை ஏணியில் ஏறி உள்ளே இறக்குவது நான்தான். முதல் நாள் அந்த அம்மா நேராக என் கவுண்டருக்கு வந்தார்.

"நீங்கதானே கால்வட்டம் தம்பி? அவரு வீட்ல எப்பவும் உங்களப் பத்திதான் பேசுவாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அவர வெளிய விட்டுடுப்பா, ரத்தக் கொதிப்பு மாத்திர சாப்பிடறவரு."

டோக்கன் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். அந்த அம்மா என்னை வேறு எப்படிக் கூப்பிட்டிருந்தாலும் டோக்கன் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். எடுத்தார். பெஞ்சில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். முறை வந்ததும் எழுந்து வந்தார். கட்டடம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். உரிமையாளர் அல்லாதவர் இடிப்பு அனுமதி கேட்க முடியாது என்பதைப் பொறுமையாக விளக்கினேன். மறுநாளும் டோக்கன் எடுத்தார். நானும் மறுநாள் அதே பொறுமையோடு விளக்கினேன். ஒருநாள்கூடக் குரலை உயர்த்தவில்லை, அந்த அம்மாவையே கேட்டுப் பாருங்கள்.

மேலாளர் வழி கண்டுபிடித்தார். கையெழுத்துப் போட்டே பழகியவர் என்றாலும் விதி தெரியாதவர் இல்லை. "சுவர ஏன்பா இடிக்கணும்? புதுசா ஒரு கதவு வைக்க அனுமதி கேட்டு நகராட்சி பேர்லயே விண்ணப்பம் போடலாமே," என்றார். போடலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் பழைய அனுமதி முடியாமல் அதே அறைக்குப் புது விண்ணப்பம் வாங்கக் கூடாது. கட்டியது படத்தோடு ஒத்துப்போகிறது என்று நிறைவுச் சான்று தந்தால்தான் பழையது முடியும். "அப்ப அத முதல்ல முடி," என்றார். பிறகு வென்டிலேட்டரின் கீழே வந்து நின்று, சிரிப்பு இல்லாத குரலில் பேசினார்.

"கால்வட்டம், நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்பா. படத்துல இருந்தாத்தான் கதவு வரும். அந்தப் பேக்கரிக்காரன் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஏணியிலிருந்து இறங்கி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அன்றிரவு வீட்டில் அம்மா கால்வட்டம் என்று கூப்பிட்டபோதுகூட உறுத்தவில்லை. மறுநாள் காலையில் பிளானை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு ஒவ்வொரு கோடாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. வென்டிலேட்டர் பிளானில் இல்லை. அக்கா புதுச் சுவரை மட்டும் வரைந்திருந்தார், மேலே பழையதாக மிச்சமிருந்த ஓட்டையை யார் நினைத்துப் பார்ப்பார்கள். அதை அடைக்காமல் நிறைவுச் சான்று தர முடியாது என்று குறிப்பு எழுதி, ஏணியில் ஏறி அவரிடமே நீட்டினேன்.

படிக்கவில்லை. "சீக்கிரம் முடிச்சு விடுங்கப்பா, கதவ அப்புறம் பாக்கலாம்," என்று போட்டுக் கொடுத்தார். அந்த வழியாக வந்த கடைசிக் கையெழுத்து அது. மேஸ்திரி அடைக்க மாட்டேன் என்றார். கையெழுத்தைக் காட்டினேன். அடைத்தார். பூசி முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது, சிமெண்டுத் தூசியாகவும் இருக்கலாம். பூச்சு கண்ணாடி மாதிரி வந்திருந்தது.

நிறைவுச் சான்று அன்று மத்தியானமே தயார். கதவுக்கான புது விண்ணப்பமும் தயார். அதில் மேலாளர் கையெழுத்து வேண்டும். காகிதத்தை உள்ளே கொடுக்கத்தான் வழியில்லாமல் போய்விட்டது. அவருடைய செல்போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. தட்டினார். அக்கா எழுந்து வந்தார்.

"தம்பி, தட்டறாருடா."

"ஈரச் சுவரு அக்கா. தட்டினா பூச்சு விரிசல் விடும்."

அக்கா அழுதார். எஞ்சினியரிடம் போய்ச் சொன்னார். எஞ்சினியர் வந்து என் காகிதங்களை எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. லீவு முடிந்து வந்ததும் மேலிடத்துக்கு எழுதுவோம் என்றார். மறுநாளிலிருந்து தொடர் விடுமுறை. மேலாளரின் மனைவி டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தார். காவலாளி வந்து, "பூட்டணும்மா, எழுந்திருங்க," என்று கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனார். விளக்கை நான்தான் அணைத்தேன். உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். முன்னைவிட மெதுவாக.

லீவு முடிந்து அலுவலகம் திறந்த அன்று அந்த அம்மா டோக்கன் எடுக்கவில்லை. கடப்பாரையோடு வந்தார். யாரும் தடுக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியும் எங்கிருந்தோ ஓடிவந்து சேர்ந்துகொண்டார். மேலாளர் சுழல் நாற்காலியை வென்டிலேட்டர் இருந்த மூலைக்கு உருட்டிக்கொண்டு வந்து, அதில் உட்கார்ந்தபடி இருந்தார். டாக்டர் காற்று போதாமல் என்று எழுதியிருக்கிறார். அந்த அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் கல்நெஞ்சன் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மத்தியானம், அனுமதி இல்லாமல் சுவரை இடித்ததற்கு அந்த அம்மா பெயருக்கு ஒரு நோட்டீஸ் தயார் செய்தேன். துக்க வீடு என்பதால் தபாலில் அனுப்பினேன்.

இப்போது அக்கா விஷயம். அவர் மறக்கவில்லை. வரைந்தேன் என்று அவர் சொன்னதைப் படத்தைப் பார்த்த யாரும் நம்பவில்லை. புதுச் சுவரின் நடுவில் இடைவெளி விட்டு, கதவைப் போட்டு, கால்வட்டமும் வளைத்திருந்தார். ஹாலில் என் கவுண்டரைப் பார்த்தபடி திறக்கும் கதவு. ட்ரேசிங் பேப்பரில் தவறாகப் போட்ட மையை அழிக்க நாங்கள் பாதி பிளேடு வைத்திருப்போம், லேசாகச் சுரண்டினால் மை தூளாக வந்துவிடும். படத்தை மேலாளரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் நான் முதலில் கதவைச் சுரண்டினேன், அப்புறம் கால்வட்டத்தை. இடைவெளியில் சுவர்க்கோடுகளைச் சேர்த்துவிட்டுத் தூளை ஊதினேன். கதவு இல்லாமல் எவன் அறை கட்டுவான் என்று கேட்டாரே, அதற்குப் பதில் தெரிந்துகொள்ளலாமே என்றுதான். மூலப்படம் இரும்பு அலமாரியில் இருக்கிறது, எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சற்று மெலிந்து தெரியும்.

அவர்மேல் உள்ள கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். கோபத்தில் செய்கிறவனுக்குக் கை நடுங்கும். படத்தை நன்றாகப் பாருங்கள், பக்கத்துக் கோட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.